மூன்று நாடும் ஒரு குப்பைப் பையும்

மார்ச் 11, 2025, செவ்வாய் – தைபே

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடி. வெளியே தூறல், கையில் இரண்டு பெட்டிகள், என் வலது முழங்கால் வழக்கம்போல் ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். எதிரே இறங்கிவந்த மூதாட்டி ஒன்றும் கேட்காமல் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஏறிவிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர்தான் எங்கள் எதிர்வீட்டுக்காரர், சாவியும் அவரிடம்தான் இருக்கிறது என்று மேலே போனபிறகு தெரிந்தது.

வீடு, தம்பியுடன் முன்பு வேலை பார்த்த ஒருவருடையது. இரண்டு வாரம் வெளிநாடு போகிறவர், "பூட்டிக் கிடப்பதற்கு நீங்கள் இருந்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லியிருந்தார். இந்தப் பயணம் முழுவதுமே இப்படித்தான்; ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்க வீடுகளில் தங்குவது, முடிந்தபோது நாமே சமைத்துக்கொள்வது என்பது தம்பியின் ஏற்பாடு. ஹோட்டலில் தங்கியிருந்தால் காலையில் அறையைத் துடைக்க வருபவர் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போயிருப்பார். நான் அரண்மனைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வைஃபை கடவுச்சொல்லுக்கு ஒரு வரி, அடுப்புக்கு ஒரு வரி. மீதிப் பக்கம் முழுவதும் குப்பை. எந்தப் பை, எந்த முனை, எத்தனை மணி, எதை எதனோடு சேர்க்கக் கூடாது. கடைசி வரி: "பாட்டுக் கேட்டதும் ஓடுங்கள்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவக் கடை. வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக்கொண்டால் தராசில் வைத்துக் காசு சொல்கிறார்கள். கீரை, மூன்று விதமான சோயாத் தயாரிப்பு, கத்தரிக்காய், சோறு: 130 தைவான் டாலர். கத்தரிக்காய்க்காக மட்டுமே நாளையும் போவேன்.

மார்ச் 12, புதன் – தைபே

காலையில் கடையில் சூடான சோயாப் பால், முறுமுறுவென்று நீளமாகப் பொரித்த மாவுக்குச்சி. அரண்மனை அருங்காட்சியகத்தில் பச்சைக் கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸைப் பார்க்க வரிசையில் நின்றோம். கல் நன்றாக இருந்தது, வரிசைதான் நீளம்.

திரும்பும் வழியில் தம்பி முத்துச் சவ்வரிசி போட்ட தேநீர் வாங்கினான். மெட்ரோ ரயிலுக்குள் ஒரு வாய் குடித்தாலும் 1,500 முதல் 7,500 டாலர் வரை அபராதம் என்று பலகை சொன்னது. வெளியிலேயே குடித்து முடித்தான். பிறகு காலிக் கோப்பையோடு அரை மணி நேரம் நடந்தோம். தெருத்தொட்டிகள் அபூர்வம். ஒன்று கண்ணில் பட்டபோதும் அதன் மேல், வீட்டுக் குப்பை போட்டால் அபராதம் என்ற எச்சரிக்கை. கோப்பை வீட்டுக் குப்பையா இல்லையா என்று நின்று யோசித்ததில் மழை வலுத்துவிட்டது.

இன்றைய கூத்து மாலையில். தாளில் சொன்னபடி முனைக்கடையில் நகராட்சி முத்திரையுள்ள நீலப்பை வாங்கினோம்; 14 லிட்டர் பை 5 டாலர். தைபேயில் குப்பைக்கான கட்டணம் தனியாக இல்லை, அந்தப் பையின் விலைதான் கட்டணம். 2000ஆம் ஆண்டிலிருந்து அப்படி. வேறு பையில் கட்டிக்கொண்டு போனால் 1,200 முதல் 6,000 டாலர் வரை தண்டம். ஆகவே பயபக்தியுடன் நீலப்பையில் கட்டி, ஐந்து மாடி இறங்கி, 7.40க்கு முனையில் நின்றோம். 7.50 ஆயிற்று. எட்டு ஆயிற்று. லாரியும் இல்லை, பாட்டும் இல்லை, குப்பையோடு வேறு ஆளும் இல்லை. ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிர்வீட்டு அம்மா காய்கறிப் பையுடன் வந்து எங்களைக் கண்டதும் சிரித்தே விட்டார். விரல்விட்டு எண்ணிக் காட்டினார். புதனும் ஞாயிறும் லாரி கிடையாது. அது தாளிலும் இருந்திருக்கிறது, பின்பக்கத்தில்.

"நீதானே படித்தாய்?" என்றேன்.

"முன்பக்கம் படித்தேன் அக்கா" என்றான் தம்பி.

ஐந்து மாடி. குப்பையோடு.

மார்ச் 13, வியாழன் – தைபே

7.35க்கு ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். தூரத்தில் முதலில் ஒரு கிணுகிணுப்பு. ஐஸ் வண்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்'. இருநூறு வருடத்துக்கு முந்தைய பியானோ இசை, மஞ்சள் நிற லாரியின் தகரக் குரலில் தெருவுக்குள் நுழைகிறது. வீட்டுக்கு வீடு கதவு திறக்கிறது. பள்ளிச் சீருடையில் பையன், செருப்பு மாறிப் போட்ட ஆள், நாயும் பையுமாக ஒரு பெண், ஒரே நிமிடத்தில் தெரு நிறைந்துவிட்டது. ஏன் இந்தப் பாட்டு என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். ஓர் அதிகாரியின் மகள் வீட்டில் வாசித்துப் பழகியதைக் கேட்டு வைத்தார் என்பது ஒன்று, வெளிநாட்டிலிருந்து வாங்கிய லாரியிலேயே அது இருந்தது என்பது மற்றது. எனக்கு முதல் கதைதான் பிடித்தது.

நீலப்பையை நாமே லாரியின் வாய்க்குள் வீச வேண்டும். பின்னால் மறுசுழற்சி லாரி தனியாக வருகிறது. ஈரக் கழிவுக்கு இரண்டு பீப்பாய்கள். தோல், காய் நறுக்கியது, தேயிலைச் சக்கை ஒன்றில், அது உரத்துக்கு. சமைத்து மிஞ்சியது மற்றதில். என் வாழைப்பழத் தோலைச் சோற்றுப் பீப்பாயில் கொட்டப் போனேன். எதிர்வீட்டு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார், பிள்ளைக்கு அ எழுதக் கற்றுக்கொடுப்பதைப் போல.

தம்பி மறுசுழற்சி லாரியிடம் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுபோனான். தொழிலாளி தலையை ஆட்டினார். தட்டையான பொருளெல்லாம் திங்கள், வெள்ளி. புட்டி, டப்பா, கிண்ணம் என உருவமுள்ளவை செவ்வாய், வியாழன், சனி. குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக் என்று பிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். தட்டை, உருண்டை என்று பிரிப்பதை இன்றுதான் பார்க்கிறேன். லாரியில் அடுக்குவதற்கு எது வசதியோ அந்தக் கணக்கு. நேர்மையான பிரிவு என்று எனக்குப் பட்டது.

நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்து லாரி அடுத்த முனைக்குப் போய்விட்டது. ஆனால் ஜனங்கள் உடனே போகவில்லை. கைகட்டி நின்று பேசினார்கள். ஒரு பெண் இன்னொருத்திக்கு ஏதோ மாத்திரைப் பட்டையைக் காட்டி விளக்கினாள்.

"ஒழுக்கம் இவர்கள் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது அக்கா" என்றான் தம்பி, ஏறும்போது.

எனக்கு இந்த ரத்தக் கதையில் நம்பிக்கை இல்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் இதே முனையில் குப்பை குவிந்து கிடக்குமாம், எலி ஓடுமாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான் 'குப்பை தரையைத் தொடக் கூடாது' என்று நகராட்சி முடிவெடுத்து, முனைக் குவியல்களை எடுத்துவிட்டு லாரியை நேரப்படி அனுப்பத் தொடங்கியது. அதாவது இங்கே மக்கள் குப்பையைத் தெருவில் வைப்பதில்லை என்பதல்ல. வைக்க இடமே விடவில்லை.

மார்ச் 15, சனி – சியோல்

நேற்று காலை தைபேயில் பூங்கா வழியாக நடந்தபோது, கோட்டு போட்ட ஒரு கனவான் இருபுறமும் பார்த்துவிட்டுத் தெருத்தொட்டியில் ஒரு சிறிய வீட்டுக்குப்பைப் பையைத் திணித்தார். தம்பியின் விலாவில் இடித்துக் காட்டினேன். "விதிவிலக்கு" என்றான்.

சியோலில் குளிர் முகத்தில் அறைந்தது. இங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், ஓய்வுபெற்ற ஓர் அம்மாளின் வீட்டில் ஓர் அறை. மாப்போ வட்டாரம். இங்கே வட்டாரத்தை 'கூ' என்கிறார்கள். வீட்டம்மாள் எங்களை உட்காரவைத்து முதலில் பார்லி தேநீர் கொடுத்தார், பிறகு செருப்பு எங்கே என்று காட்டினார், மூன்றாவதாக உறைபெட்டியைத் திறந்தார். மேல்தட்டில் ஐஸ்கிரீம், நடுத்தட்டில் மீன், கீழ்த்தட்டில் சின்னச் சின்னப் பைகளில் ஆரஞ்சுத் தோலும் முள்ளங்கி வாலும். ஈரக் கழிவை உறையவைத்து, சேர்ந்தபின் கீழே கொண்டுபோகிறார். நாற்றம் இல்லை, பூச்சி இல்லை. மீனுக்கு அடியில் அது இருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு – சியோல்

ஜோங்னோ வட்டாரத்தில் கியோங்போக்குங் அரண்மனை. காற்று வாட்டியது. வாடகைக்கு எடுத்த பட்டுடையில் உள்ளூர்ப் பெண்கள் நடுங்கிக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த உடைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

வீட்டம்மாளிடம் குப்பைப் பை தீரப் போகிறது என்று பார்த்திருந்தேன். பெரிய மனது பண்ணி வழியில் ஒரு கடையில் அரசாங்கக் குப்பைப் பை ஒன்றை, 10 லிட்டர், 250 வோன் கொடுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நீட்டியதும் அவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். பையில் ஜோங்னோ கூ என்று அச்சிட்டிருக்கிறது. நாங்கள் இருப்பது மாப்போ கூ. குப்பை எந்த வட்டாரத்தில் உண்டாகிறதோ அந்த வட்டாரத்தின் பையில்தான் போட வேண்டும். 1995 ஜனவரி முதல் நாடு முழுவதும் இந்தப் பை முறை. பை விற்ற காசு அந்தந்த வட்டாரத்துக்கு. ஒரே நகரம், மெட்ரோவில் இருபது நிமிடத் தூரம், என் பை செல்லாக்காசு.

"ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்" என்றான் தம்பி. பெட்டியில் போட்டேன்.

இரவு எட்டு மணிக்குக் குடியிருப்பின் வாரப் பிரிப்பு. வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் வாய் திறந்த பெரிய சாக்குகள் வரிசையாக நிற்கின்றன. உள்செருப்போடு எல்லாரும் இறங்கி வருகிறார்கள். அட்டைப் பெட்டியில் ஒட்டுநாடாவைக் கிழித்து எடுக்காமல் யாரும் போடவில்லை, ஏனென்றால் அங்கே காவலாளி நிற்கிறார். வயதானவர், கம்பளித் தொப்பி, கையில் இடுக்கி. ஒரு பள்ளிப் பெண் குழம்புச் சிவப்பு ஏறிய உணவுப்பெட்டியைப் போடப் போனாள். அவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான், அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிறமில்லாத தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தனிச் சாக்கு. 2020 டிசம்பரிலிருந்து அடுக்குமாடிகளில் இது கட்டாயம். லேபிளை உரித்து, நசுக்கி, மூடியைத் திருகிப் போட வேண்டும். உரிக்கிற வேலைக்கு மக்கள் அலுத்துக்கொண்டார்களோ என்னவோ, லேபிளே இல்லாத தண்ணீர்ப் புட்டிகள் கடையில் கிடைக்கின்றன. நிர்வாணமான புட்டி, கம்பெனிப் பெயர் மூடியிலோ புட்டியின் உடம்பில் புடைப்பாகவோ. விளம்பரத்தைக் கழற்றிவைத்த பொருளை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

மார்ச் 17, திங்கள் – சியோல்

அரண்மனையைவிட எனக்கு இன்று பார்த்த மலை பெரிது.

ஹனூல் பூங்கா. ஹனூல் என்றால் வானம். ஏறுவதற்கு வளைந்து வளைந்து படிகள். முழங்காலை எண்ணி மின்வண்டியில் போனோம். மேலே தட்டையான பெரிய புல்வெளி, இலையுதிர்காலத்தில் நாணல் வெள்ளியாக அசையும் இடம். இப்போது வெட்டிவிட்டிருக்கிறார்கள், மொட்டைக்காடு. கீழே ஹான் ஆறு, காற்றில் காது உறைகிறது. நடுநடுவே நிலத்திலிருந்து குழாய்கள் தலை நீட்டுகின்றன. அவை வாயுவை உறிஞ்சும் குழாய்கள். ஏனென்றால் நாங்கள் நின்ற மலை மலையே அல்ல. 1978 முதல் 1993 வரை சியோல் தன் குப்பையைக் கொட்டிய நான்ஜிதோ. ஒரு காலத்தில் நிலக்கடலை விளைந்த ஆற்றுத் தீவு. பதினைந்து வருடத்தில் ஏறத்தாழ 9.2 கோடி டன் கொட்டி, கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு குன்றுகள் எழுந்துவிட்டன. மூடி, மண் போர்த்தி, உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த 2002இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

அடியில் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வாயுவைச் சுற்றுவட்டாரக் கட்டடங்களைச் சூடாக்க எடுத்துக்கொள்கிறார்கள். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதைக் கொட்டியவர்களும் இதே மக்கள்தானே?" என்றான். நான் காதுகேளாதவள்போல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொள்கிற ஆளை அவசரப்படுத்தக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய் – சியோல்

விடிந்து ஜன்னலைத் திறந்தால் பனி. மார்ச் பாதி தாண்டி இப்படியா என்று வீட்டம்மாளும் முகத்தைச் சுளித்தார். கத்தியால் அரிந்த மாவு நூடுல்ஸ் சூப் குடிக்கப் போனோம், ஒரு கிண்ணம் 10,000 வோன். தம்பிக்குச் சிப்பி போட்டது. எனக்குச் சிப்பி இல்லாமல் செய்து தருமாறு கேட்டோம். சூப்பே சிப்பியை வேகவைத்த நீர்தான் என்று கடைக்காரர் வருத்தத்துடன் கைவிரித்து, எனக்காக வெறும் சோறும் ஐந்து வகைத் தொடுகறியும் வைத்து அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தொடுகறி கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு சின்னத் தட்டுகள் வைக்கிற ஊரில் மிச்சம் எவ்வளவு விழும் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் 2005இல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைமேட்டில் புதைக்கத் தடை போட்டார்கள். 2013இல் எடைக்குக் காசு வந்தது.

அந்த எடை இயந்திரத்தை மாலையில் பார்த்தேன். குடியிருப்பின் மூலையில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி. வீட்டம்மாள் அட்டையைக் காட்டியதும் மூடி தானாகத் திறந்து ஒரு பெண் குரல் பேசியது. உறைந்த மூட்டையைக் கவிழ்த்தார். திரையில் 0.45 கிலோ. கிலோவுக்கு 130 வோன் கணக்கில் அறுபது வோன்கூட இல்லை. மாதக் கட்டணத்தோடு சேர்ந்துவிடும். காசு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எண் கண்முன்னே எரிகிறது. வீட்டம்மாள் ஒவ்வொரு மூட்டையையும் முந்தின நாளே சல்லடையில் வைத்துப் பிழிந்திருந்தார். "தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று கைபேசி அவர் சார்பில் கேட்டது.

பிறகு அவர் எங்களுக்குப் பரீட்சை வைத்தார். தர்பூசணித் தோல்? உணவு. முட்டை ஓடு? குப்பை. வெங்காயத் தோல்? குப்பை. கோழி எலும்பு? குப்பை. சிப்பி ஓடு? குப்பை. தேயிலைச் சக்கை? தைபேயில் கற்ற தெம்பில் "உணவு!" என்றேன். குப்பை. விதி சுருக்கமானது: மிருகம் தின்னுமா, தின்னாதா? இதெல்லாம் தீவனமாகப் போகிற பொருள். தம்பி பதினொன்றில் எட்டுச் சரியாகச் சொன்னான். நான் ஐந்து. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவளுக்கு இந்த நிலைமை.

மார்ச் 20, வியாழன் – தோக்கியோ

இன்று வசந்தகாலச் சமநாள், விடுமுறை. தொலைக்காட்சியில் காலையில் கசுமிகசெகி ரயில் நிலையத்தில் ஊழியர்கள் தலைகுனிந்து நின்றார்கள். 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயில்களில் நச்சுவாயுவைப் பரப்பிய தாக்குதலுக்கு இன்றோடு முப்பது வருடம். அதற்குப் பிறகுதான் பல நிலையங்களிலிருந்து குப்பைத்தொட்டிகளை எடுத்தார்கள், தெருவிலும் குறைந்துபோயின. வந்த நாளிலிருந்து 'தொட்டி எங்கே' என்று முனகிக்கொண்டிருந்த நான் அந்தப் படத்தைப் பார்த்தபின் முனகவில்லை.

180 யென்னுக்கு வாங்கிய சோற்று உருண்டையின் உறை, காகிதக் கைக்குட்டை, பிஸ்கட் பெட்டிக்குள் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனியாக இருந்த உறை, எல்லாம் சாயங்காலம் வரை என் கைப்பையில். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வீட்டுக்குச் சுமக்கிறார்கள். குப்பை போட இடம் கொடுக்காமலே தெருவை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று தம்பி வியந்தான். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் புட்டிக்கென்று இருக்கும் வட்டத் துளையைக் காட்டினேன். யாரோ அதில் ஒரு குடையைச் செருகியிருந்தார்கள்.

மார்ச் 21, வெள்ளி – தோக்கியோ

நகரின் கிழக்கே, சுற்றுலாக்காரர்களுக்கு விடும் சின்ன மரவீடு. தெருமுனையில் பச்சை வலைக்குள் குப்பைப் பைகள்; வலை காக்கைகளுக்காக. இங்கே காக்கை கோழி அளவு இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும், இன்று எரிக்கத்தக்கது, எல்லாம் சுவரில் படம் போட்டு இருந்தது. இரண்டு நாட்டு அனுபவம் இருக்கிறதே! வெளியே தெரியும்படியான பை, வாய் கட்டியது, ஏழே முக்காலுக்கு வலையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

எட்டே காலுக்கு வாசலில் மெல்லத் தட்டும் சத்தம். எதிர்சாரி வீட்டுப் பெரியவர், மேல்சட்டையெல்லாம் போட்டு முறையாக நிற்கிறார். கையில் எங்கள் பை. மூன்று தடவை குனிந்தார். நானும் குனிந்தேன், எதற்கென்று தெரியாமல். மாத்தி மாத்திக் குனிந்தபின் அவர் மடித்த தாளை நீட்டினார். அழகான கையெழுத்தில் நாலே வரி. தம்பி கைபேசியால் படித்தான்.

பையில் தப்பில்லை, நேரத்தில் தப்பில்லை, நாளிலும் தப்பில்லை. தப்பு எங்களிடம். பயணிகளுக்கு விடும் வீட்டிலிருந்து வருவது வீட்டுக் குப்பை ஆகாது, தொழில் குப்பை. அதை வீட்டுக்காரர் தனி ஏற்பாட்டில் எடுக்க வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரின் வலைக்குள் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் அதைச் சொல்ல மறந்திருக்கிறார். தேநீர்ச் சக்கையும் ஆரஞ்சுத் தோலும் அதேதான். ஆனால் நாங்கள் இங்கே குடும்பம் இல்லை, வியாபாரம். முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. பெரியவரோ, தந்த சிரமத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரு சின்னப் பழக்கூடையை அவர் வாசலில் வைத்தோம். பழம், கூடை, கூடைக்குள் வலை, வலைக்குள் காகிதம், மேலே நாடா. கொடுத்தபிறகுதான் உறைத்தது, அவர் பிரிப்பதற்கு ஐந்து வகைக் குப்பை கொடுத்திருக்கிறோம்.

மார்ச் 24, திங்கள் – கமிகட்சு

ஷிகோகு தீவு, தொகுஷிமா மாகாணம். நகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மலைக்குள். தேவதாரு, ஓடை, படிப்படியாக வயல்கள், ஊரில் 1,500 பேர்கூட இல்லை, பாதிக்கு மேல் முதியவர்கள். பஸ் ஓட்டுநர் நாங்கள் இறங்க வேண்டிய இடத்தில் தாமே எழுந்து பெட்டியை இறக்கினார்.

இந்த ஊரில் குப்பை வண்டியே கிடையாது. எல்லாரும் தம் குப்பையைத் தாமே நிலையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். நிலையம் 2020இல் கட்டிய புதுக் கட்டடம், வானத்திலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். ஊராரிடம் வாங்கிய எழுநூறு பழைய ஜன்னல்களை வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒன்றின் அளவு மற்றதற்கு இல்லை. கேள்விக்குறியின் புள்ளியில் நாலு அறைகள் உள்ள விடுதி. அங்கேதான் தங்கல். வந்ததும் ஒரு பெரிய சோப்புக் கட்டியும் கத்தியும் கொடுத்து, வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தம்பி அல்வா வெட்டுவதுபோல் வெட்டினான். நான் விரல்நகம் அளவு. இரவுக்குள்ளேயே என்னுடையது தீர்ந்து அவனிடம் கடன் வாங்கினேன்.

புளிக்கவைத்த உள்ளூர்த் தேநீர் கொடுத்தார்கள், கொஞ்சம் புளிப்பு, எனக்குப் பிடித்தது. தம்பிக்கு முகம் கோணியது.

மார்ச் 25, செவ்வாய் – கமிகட்சு

காலையில் எங்கள் ஒருநாள் குப்பையை எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் பெண்ணுடன் கூடத்துக்குப் போனோம். கழிப்பறைக் காகிதத்தின் உள்ளிருக்கும் அட்டைக்குழல் தனி. பால் பெட்டி தனி, உள்ளே வெள்ளிப்பூச்சு இருந்தால் அது வேறு. உலோக மூடி, பிளாஸ்டிக் மூடி வேறு வேறு. கண்ணாடி நிறவாரியாக. ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே பலகை: இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாகிறது, கிலோவுக்கு ஊருக்கு எவ்வளவு வருகிறது அல்லது ஊர் எவ்வளவு கொடுக்கிறது. மற்ற ஊர்களில் குப்பையைப் போடுவதோடு நம் கதை முடிகிறது. இங்கே அதன் பயண விவரம் எழுதியிருக்கிறது.

கடைசியில் இரண்டு தொட்டிகளின் பெயரைக் கேட்டுத் தம்பி குறித்துக்கொண்டான். 'எப்படியும் எரித்தே ஆக வேண்டியவை'. 'எப்படியும் புதைத்தே ஆக வேண்டியவை'. அந்த 'எப்படியும்' என்ற சொல்லில் ஊராரின் மனத்தாங்கல் எல்லாம் இருக்கிறது. எண்பது சதவீதத்துக்கு மேல் மறுசுழற்சிக்குப் போகிறது. நாட்டின் சராசரி இருபதை ஒட்டித்தான்.

"இந்த ஊரைப் பற்றியாவது ஒத்துக்கொள். இது மனசு" என்றான் தம்பி.

ஊழியர் பெண்ணிடம் கேட்டோம். இங்கே முன்பு திறந்தவெளியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு சிறிய உலைகள். எரிக்கும்போது எழும் டயாக்சின் நச்சுக்கான சட்டம் கடுமையானதும் 2000இல் அவற்றை மூட வேண்டியதாயிற்று. புது உலைக்குக் காசில்லை, வெளியூருக்கு அனுப்பவும் காசில்லை. பிரித்தால் குறையும், சிலது விற்கும், அதனால் பிரித்தார்கள். 2003இல்தான் 'குப்பையே இல்லாத ஊர்' என்று அறிவித்தார்கள், நாட்டில் முதலாவதாக. வறுமை முதலில், அறிவிப்பு பிறகு. முதலில் எதிர்த்தவர்களும் உண்டு என்றாள், சிரித்துக்கொண்டே.

1981 பனியில் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகியபிறகு, இதே ஊர்ப் பாட்டிமார்கள் உணவுத் தட்டை அலங்கரிக்கும் இலைகளைப் பறித்து விற்கக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொன்னாள். 1986இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. உதிர்கிற இலையை விற்கிறவர்கள் பால் மூடியை விடுவார்களா!

தம்பி நோட்டை மூடி வைத்தான். "சரி" என்றான். ஒரு சொல், ஆனால் பன்னிரண்டு நாள் கழித்து.

பக்கத்தில் 'குருகுரு' என்று ஒரு கடை. ஊரார் வேண்டாததை வைக்கலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப்போகலாம். எடுத்ததை நிறுத்து எடையை எழுதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டு நீலக் கிண்ணம் எடுத்தேன். அப்போதுதான் பெட்டிக்குள் இருந்த ஜோங்னோ பை நினைவுக்கு வந்தது. புத்தம் புதுசு, மடிப்புக் கலையவில்லை. இங்கேயே வைத்துவிடலாமா என்றேன். ஊழியர் பெண் பையை வெளிச்சத்தில் பிடித்துக் கொரிய எழுத்தைப் பார்த்தாள், தலையைச் சாய்த்து யோசித்தாள், மிகவும் வருத்தத்துடன் திருப்பிக் கொடுத்தாள். வைப்பதற்கு உரிமை ஊர்க்காரர்களுக்கு மட்டும்.

மார்ச் 26, புதன் – தொகுஷிமா

நேற்று மாலை படிவயல்களைப் பார்க்கப் போய் தம்பி வரப்பில் வழுக்கி இரண்டு காலணியும் சேறு. நகரத்துக்கு வந்து விமானத்துக்காகப் பெட்டி அடுக்கும்போது, அவற்றை எதில் சுற்றுவது என்று திண்டாடி, அந்த ஜோங்னோ பையைப் பிரித்தான். இரண்டு காலணியும் அளவெடுத்ததுபோல் உள்ளே போயின. வாயைக் கட்டிப் பெட்டியின் மூலையில் வைத்தான்.

"வீட்டுக்குப் போனதும் இந்தப் பையை எதில் போடுவது அக்கா?"

"முதலில் காலணியைக் கழுவு" என்றேன்.